காணி எமது, கணக்கு எவருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் வன்னிப் பகுதிக் கமக்காரர் ஒருவர் குத்தகை உறுதியொன்றைக் கையிற் பிடித்தவாறு எம்மிடம் வந்தார். தம் மேட்டுக் காணியிற் கிரவல் அகழ்ந்து செல்லும் உரிமையை அவர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். காணிக்கு உரித்து இருந்தது. உறுதியிற் குற்றமில்லை. சாட்சிகள் இருவரும் முறைப்படி ஒப்பமிட்டிருந்தனர். குறை யாதெனின், ஒப்பமிடுவதற்கு முன்னரே குத்தகைக்காரர் ஆள் வைத்துக் குழி தோண்டிப் பார்த்து, எத்தனை லொறி மண் அகப்படும் என்று கணக்கிட்டு வைத்திருந்தார். காணிக்காரர் அதனை அறியார். தாம் பெற்ற தொகை தம் மண்ணின் பெறுமதியிற் சிறு பங்கும் ஆகாதென அவர் உணர்ந்தபோது மேடு பள்ளமாகிவிட்டது. "காணி என்ர, கணக்கு அவன்ர, ஐயா" என்றார். சட்டப் புத்தகங்களில் அவருக்கேற்ற பரிகாரத்தைத் தேடினோம், அகப்படவில்லை. மனமொத்து இட்ட ஒப்பத்தை நீதிமன்றம் எளிதில் அழித்துவிடாது.

அந்தக் கமக்காரருக்கு நேர்ந்தது இன்று நாடுகளுக்கு நேர்ந்துகொண்டிருக்கின்றது. எண்ணெயும் எரிவாயுவும் காற்றும் வெயிலும் எந்த நாட்டில் உள்ளனவோ அந்த நாட்டு மக்களுக்கே உரியன என்பதை உலகம் ஏட்டளவில் ஒப்புக்கொண்டுவிட்டது. 1962ஆம் ஆண்டு டிசெம்பர் 14ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 1803ஆம் இலக்கத் தீர்மானம், இயற்கை வளங்கள் மீது மக்களுக்கும் தேசங்களுக்கும் நிரந்தர இறைமை உண்டெனப் பிரகடனஞ் செய்தது. உரித்து வழக்கில் வென்றோம். ஆனால் வளம் எங்கே கிடக்கின்றது, எவ்வளவு கிடக்கின்றது, என்ன விலை பெறும் என்னும் கணக்கு, மீக்கணினியும் செயற்கை நுண்ணறிவும் வைத்திருப்போர் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றது. கணக்கில்லாத உரித்து வெறுங் காகிதமே. இந்த ஆபத்தை விளக்கி, செய்யத்தக்கது யாதென்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலடியைக் காணும் விதம்

சந்தையிற் பானை வாங்குவோர் அதனை விரலாற் தட்டி ஓசை கேட்டுப் பார்ப்பர். ஓசையிலிருந்து வெடிப்பை அறிவர். கடலுக்கடியில் எண்ணெய் தேடுவோர் செய்வதும் அதுவே. கப்பலொன்று, அமுக்கிய காற்றை நீருக்குள் வெளிவிட்டுச் சில வினாடிகளுக்கு ஒருமுறை பேரொலி எழுப்பிச் செல்லும். அவ்வொலி கடற்றரையை ஊடுருவி, பாறைப் படைகள் ஒவ்வொன்றிலும் பட்டு எதிரொலியாகத் திரும்பும். கப்பலின் பின்னாற் பல கிலோமீற்றர் நீளத்துக்கு இழுபடும் வடங்களிற் பொருத்திய ஒலிவாங்கிகள் அவ்வெதிரொலிகளைப் பதிவு செய்யும். இதற்கு நில அதிர்வு அளவை என்று பெயர்.

எதிரொலிகளைச் சேர்ப்பது பாதி வேலையே. அவற்றிலிருந்து பாறையின் உருவத்தை மீட்டெடுப்பதே கடினம். பாரிசு நகரிற் பணியாற்றிய அல்பேட் தரந்தோலா என்னும் புவிப்பௌதிகவியலாளர் 1984ஆம் ஆண்டில் இதற்கொரு வழியை வகுத்தார். முதலில் நிலத்தடி இவ்வாறு இருக்கலாம் என ஓர் உருவத்தை ஊகிக்க வேண்டும். அவ்வுருவத்தினூடே ஒலி சென்றால் என்ன எதிரொலி வரும் எனக் கணிக்க வேண்டும். உண்மையிற் பதிவான எதிரொலியோடு அதனை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கேற்ப ஊகத்தைத் திருத்த வேண்டும். இரண்டும் ஒத்துவரும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முறை சரியே, ஆயினும் ஒரு முழுக் கடற்பரப்பை இவ்வாறு கணிக்கும் ஆற்றல் அக்காலப் பொறி எதற்கும் இருக்கவில்லை.

இன்று அந்த ஆற்றல் உண்டு. இத்தாலியின் வடக்கே லொமெலினா என்னும் நெல் விளையும் சமவெளியில், வயல்களுக்கு நடுவே, 'எனி' என்னும் எண்ணெய் நிறுவனத்தின் கணினி நிலையம் நிற்கின்றது. அங்குள்ள 'எச்.பி.சி.6' என்னும் மீக்கணினி, 2024ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான உலகப் பட்டியலில் ஐந்தாம் இடத்தைப் பெற்றது. அதன் வேகம் 477 பெற்றாபிளொப் என அளக்கப்பட்டது. ஒரு பெற்றாபிளொப் என்பது வினாடி ஒன்றுக்குப் பத்துக் கோடிக் கோடி கணக்குகள். வல்லரசு ஒன்றின் ஆய்வுகூடத்தில் மட்டும் இருக்கத்தக்கதென முன்னர் எண்ணப்பட்ட பொறி, இன்று ஒரு நிறுவனத்தின் உடைமையாக வயலோரத்தில் நிற்கின்றது. இதனோடு செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. பாறைப் பிளவுகளையும் உப்புத் திரள்களின் எல்லைகளையும் படத்திற் கண்டுபிடிக்கவும், பழைய கிணற்று அறிக்கைகளை ஆயிரக்கணக்கில் வாசித்துத் தொகுக்கவும் பொறியைப் பழக்கிவிட்டனர். நிபுணர் பலர் மாதக் கணக்கிற் செய்த வேலை நாட் கணக்கிற் குறுகிவருகின்றது.

அறிந்தவனும் அறியாதவனும்

இதனால் விளைவது யாது? 2017ஆம் ஆண்டில் பி.பி. நிறுவனம் ஓர் அறிவித்தல் விடுத்தது. மெக்சிக்கோ வளைகுடாவில் அது ஏற்கெனவே எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த அற்லாந்திஸ் வயலில், மேலும் 200 மில்லியன் பீப்பாய் எண்ணெய் மறைந்து கிடக்கக் கண்டதென்பதே அச்செய்தி. புதிய கணிப்பு முறையொன்றை மீக்கணினியில் ஓட்டியதன் பயனாக, ஓராண்டு பிடிக்கும் ஆய்வு சில வாரங்களில் முடிந்ததென்றும் அந்நிறுவனம் கூறியது.

இதனை ஒரு வழக்கறிஞனின் கண் கொண்டு நோக்குக. கடல் அதே கடல். பாறை அதே பாறை. மாறியது கணக்கு மட்டுமே. அக்கணக்கு எவர் கையில் முதலிற் பிறக்கின்றதோ அவரே, அடுத்த குத்தகைக்கு எவ்வளவு கேட்கலாம், எவ்வளவுக்கு மேற் கொடுக்கலாகாது என்பதை அறிந்தவராக மேசைக்கு வருகின்றார். எதிரே அமர்ந்திருக்கும் அரசு அதனை அறியாதிருப்பின், அங்கு நடப்பது பேரம் அன்று. வன்னிக் கமக்காரரின் குத்தகையே பெரிய அளவில் மீண்டும் எழுதப்படுகின்றது.

காப்புறுதிச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. காப்புறுதி கோருபவர் தமக்குத் தெரிந்த முக்கிய விடயங்களை மறையாது வெளியிடல் வேண்டும். மறைத்தால் ஒப்பந்தம் நில்லாது. ஏனெனில், ஒரு பக்கத்தார் மட்டுமே உண்மையை அறிந்திருக்கும் ஒப்பந்தம் அது. எண்ணெய்க் குத்தகையும் அத்தகையதே. எனினும் அங்கே அக்கடமை தானாக எழுவதில்லை. சட்டமும் ஒப்பந்தமும் அதனை வாசகம் வாசகமாக எழுதி வைத்தாலன்றி, அறிந்தவன் வாய் திறக்க வேண்டியதில்லை.

நோர்வே செய்தது

இவ்வுண்மையை நேரத்தோடு உணர்ந்த நாடு நோர்வே. 1963ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தன் கண்டமேடை மீது இறைமை கொண்டாடிப் பிரகடனஞ் செய்த வேளையில், எண்ணெய் பற்றிய அறிவு அந்நாட்டுக்கு மிகச் சொற்பமே. மீன்பிடியும் கப்பற்றொழிலும் தெரிந்த மக்கள் அவர்கள். 1968இல், ஈராக்கின் பஸ்ரா நகரிற் பிறந்த பாரூக் அல்-காசிம் என்னும் புவிச்சரிதவியலாளர் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். அவரிடம் நோர்வேக் கைத்தொழில் அமைச்சு, வடகடலில் நிறுவனங்கள் தோண்டிய கிணறுகளின் பெறுபேறுகளை ஆராயும் பணியை ஒப்படைத்தது. அங்கே பெருமளவு எண்ணெய் உண்டு என்பது அவர் கண்ட முடிவு. 1969இல் எக்கோபிஸ்க் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. நிறுவனங்களின் வாயையே நோக்கிக் காத்திராமல், தனக்கென ஒரு கணக்கப்பிள்ளையை அரசு வைத்துக்கொண்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

1972இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அரசுக்குச் சொந்தமான எண்ணெய் நிறுவனம் ஒன்றை நிறுவியது. அதனோடு, அந்நிறுவனத்தையும் பிற நிறுவனங்களையும் மேற்பார்வை செய்யத் தனியாகப் பெற்றோலியப் பணிப்பகம் ஒன்றையும் அமைத்தது. வியாபாரம் செய்பவனும் கணக்குப் பார்ப்பவனும் ஒருவனாகலாகாது என்னும் பழைய நீதியை அவர்கள் மறக்கவில்லை. 1995இல் 'டிஸ்கோஸ்' என்னும் தேசியத் தரவுக் களஞ்சியம் எழுந்தது. நோர்வேக் கடலில் அளவை நடத்தும் நிறுவனங்கள் தம் தரவுகளை அங்கே ஒப்படைத்தல் வேண்டும். குறித்த ஆண்டுகள் கழிந்தபின் அவற்றிற் பெரும்பகுதி பிறர்க்கும் திறக்கப்படுகின்றது.

இவற்றுக்கெல்லாம் முடி வைத்தாற்போல 2018இல் ஒன்று நிகழ்ந்தது. 2008 முதல் 2016 வரை எண்ணெய் தந்து ஓய்ந்த வொல்வே என்னும் வயலின் தரவுகளை, ஏறத்தாழ 40,000 கோப்புகளை, அந்த அரச நிறுவனமும் அதன் பங்காளரும் ஆய்வாளர்க்கும் மாணவர்க்கும் திறந்துவிட்டனர். உலகின் பல பல்கலைக்கழகங்களிற் செயற்கை நுண்ணறிவு பயில்வோர் அவற்றைக் கொண்டே தம் பொறிகளைப் பழக்குகின்றனர். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள எமது பொறியியற் பீடத்து மாணவனும் அவற்றை எடுத்துப் படிக்கலாம். வடகடலின் அடியைக் கிளிநொச்சியிலிருந்து காணலாம்! ஆனால் தன் வீட்டிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள மன்னார்க் கடலின் அடியை அவன் அவ்வாறே காணும் உரிமையை நம் நாட்டுச் சட்டம் வழங்குதல் வேண்டாமா?

மன்னார்க் கடல்

மன்னாரை நாம் குறிப்பிடக் காரணமுண்டு. 1970களிற் சோவியத் நிபுணர்களின் துணையோடு மன்னார்த் தீவின் பேசாலையிற் கிணறுகள் தோண்டப்பட்டன. 2001இல் ரீ.ஜி.எஸ்.-நோபெக் என்னும் நோர்வே நிறுவனம் மன்னார் வளைகுடாவில் நில அதிர்வு அளவை நடத்தியது. 2008இல் கெயான் நிறுவனம் அங்கொரு கடற்பரப்பைத் தேடும் உரிமை பெற்று, 2011இல் 'டொராடோ', 'பரகுடா' என்னும் இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. அடுத்துத் தோண்டிய கிணறு வறிதாயிற்று. 2015இல் அந்நிறுவனம் உரிமையை விட்டு நீங்கியது. வணிக அளவில் எரிவாயு எடுக்கப்படவில்லை.

இரண்டு கிணறுகளில் வாயு, மூன்றாவதில் வெறுமை என்பது கணிப்பின் இயல்பையும் காட்டுகின்றது. எத்துணைப் பெரிய கணினியும் தருவது ஊகமே. தோண்டிப் பார்த்த பின்னரே அது உண்மையாகின்றது. ஆயினும் நல்ல ஊகம் உள்ளவனுக்கும் ஊகமே இல்லாதவனுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. 2001இல் எடுத்த எதிரொலிப் பதிவை இன்றைய பொறியில் இட்டால், அன்று தெரியாதது தெரியக்கூடும். பழைய தரவு பழைய கடதாசி அன்று, அது விதைநெல். அதனை எவர் வைத்திருக்கின்றார், எவர் படிக்கலாம், எந்த நிபந்தனையில் பிறர்க்குக் கொடுக்கலாம் என்பன, இனி வரும் ஒப்பந்தம் ஒவ்வொன்றின் விலையையும் நிருணயிக்கும் வினாக்கள். 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டத்தின் கீழ் ஓர் அதிகாரசபை உண்டு. அது நிறுவனங்களுக்கு வழிகாட்டும் அலுவலகமாக மட்டும் அமையாது, மக்களின் கணக்கப்பிள்ளையாகவும் அமைதல் வேண்டும்.

நிலத்தடியோடு இது முடிவதில்லை. மன்னார்த் தீவிற் காற்று உண்டு. 'தம்பபவனி' என்னும் பெயரில் 30 காற்றாலைகள் அங்கே நிற்கின்றன. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் விலகியது. அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்னும் விலை தகுமா என்பது அங்கெழுந்த பெரு வாதங்களில் ஒன்று. பறவைகளின் பாதை பற்றியும் தீவு மக்களின் வாழ்க்கை பற்றியும் வாதங்கள் எழுந்தன. இவ்விலை நியாயமா என்று கூறுதற்கு முதலில் தெரியவேண்டியது, அந்நிலத்திற் காற்று எம்மாதத்தில் எவ்வேளையில் எவ்வளவு வீசும் என்பதே. அக்கணக்கு முதலீட்டாளரிடம் இருக்கும். அஃதின்றி அவர் பணம் இடமாட்டார். காற்று வீசும் ஊரின் மக்களிடமும் அது இருத்தல் வேண்டும்.

எப்பாவலைத் தீர்ப்பு

இக்கோரிக்கை புதுமையானதன்று, இந்நாட்டு உயர் நீதிமன்றமே அதற்கு வழிகாட்டியிருக்கின்றது. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலுள்ள பொசுப்பேற்றுப் படிவை அமெரிக்க நிறுவனமொன்றின் கூட்டு முயற்சிக்கு ஒப்படைக்க முயன்றபோது, அவ்வூர்க் காணியுடைமையாளரும் கமஞ்செய்வோரும் விகாராதிபதி ஒருவரும் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். 2000ஆம் ஆண்டு யூன் 2ஆம் நாள் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு வெளியாயிற்று. இயற்கை வளங்களுக்கு அரசு, மக்களின் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாளராக நிற்கின்றது என்னும் கருத்தை அத்தீர்ப்பு நிலைநாட்டியதை யாவரும் எடுத்துக் கூறுவர். அதன் கட்டளைப் பகுதியை வாசிப்போர் சிலரே.

அக்கட்டளை கூறியது யாது? படிவு எங்கே உள்ளது, எவ்வளவு உள்ளது, எத்தரத்தது என்பதைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம், நாட்டின் விஞ்ஞான நிறுவனங்களைக் கலந்து முழுமையாக ஆராய்தல் வேண்டும். அவ்வாய்வின் முடிவுகள் வெளியிடப்படல் வேண்டும். அதுவரை ஒப்பந்தம் எதனையும் செய்யலாகாது. வேறு நிபந்தனைகளோடு இதுவும் அங்கே நிற்கின்றது. முதலில் எண்ணுக, எண்ணியதை மக்களுக்குச் சொல்லுக, பின்னரே ஒப்பமிடுக. இதனினுந் தெளிவாக ஒரு நீதிமன்றம் எவ்வாறு உரைத்தல் கூடும்? உரம் தரும் கல்லுக்குப் பொருந்தும் இந்நீதி, கடலடி வாயுவுக்கும் கரையோரக் காற்றுக்கும் பொருந்தாதென்று வாதிடுவோர் எவர்? சிங்களக் கமக்காரரும் விகாராதிபதியும் பெற்ற தீர்ப்பு தமிழ்க் கமக்காரருக்கும் மீனவர்க்கும் அரணாகும். மண்ணின் கணக்கு எல்லோர்க்கும் பொது.

பொதுத் தரவின் பயன்

"தரவைத் திறந்துவிட்டால் எவருக்கு என்ன இலாபம்? பொறியோ பணக்காரனிடம் இருக்கின்றது" என்று கேட்பாருளர். இதற்கு விடை வானிலையில் இருக்கின்றது.

ஐரோப்பிய அரசுகள் பல கூடி 1975இல் வானிலை முன்னறிவிப்புக்கென ஒரு பொது நிலையத்தை நிறுவின. தனியே ஒரு சிறு நாட்டால் வாங்க முடியாத கணினியைக் கூட்டாக வாங்கின. இன்று அதன் கணினிகள் இத்தாலியின் பொலோனா நகரில், பழைய புகையிலைத் தொழிற்சாலை நின்ற வளவில் இயங்குகின்றன. உலகின் கடந்தகால வானிலையை மணிக்கு மணி தொகுத்து அந்நிலையம் பொதுவில் வைத்தது. அப்பொதுத் தரவில் 1979 முதல் 2017 வரையான பகுதியைக் கொண்டு பழக்கிய பொறியே, கூகிளின் டீப்மைண்ட் குழுவினர் 2023இல் வெளியிட்ட 'கிராப்காஸ்ட்'. பத்து நாள் வானிலையை அது ஒரு நிமிடத்துக்குள் கணிக்கின்றது. ஐரோப்பிய நிலையமும் பின்தங்கிவிடவில்லை. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள் தன் சொந்தச் செயற்கை நுண்ணறிவு முன்னறிவிப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கமக்காரருக்கு இதன் பொருள் என்ன? விதைப்புக்கும் அரிவு வெட்டுக்கும் மழை நாள் தெரியவேண்டும். மின்வலையை இயக்குவோருக்கும் அதுவே வேண்டும். நாளை காற்று எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று அறியாமற் காற்றாலையையும் சூரியத் தகட்டையும் நம்பி மின்சாரம் வழங்க முடியாது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் 700 மெகாவாட் காற்றாலைகளின் உற்பத்தியை 36 மணி நேரம் முன்னதாகக் கணித்ததால், அக்காற்று மின்சாரத்தின் பெறுமதி ஏறத்தாழ 20 வீதம் உயர்ந்ததென 2019இல் அறிவிக்கப்பட்டது. காற்று கூடவில்லை, கணக்கே கூடிற்று. பழக்குவதற்குப் பெரும் பொறி வேண்டுமாயினும், பழக்கிய பின் இயக்குவதற்குச் சிறு பொறி போதும். ஆகவே, தரவு பொதுவாயின் ஏழைக்கும் வழியுண்டு. தரவு பூட்டப்படின் பொறி இருந்தும் பயனில்லை.

இன்னொரு எச்சரிக்கை

"அவ்வாறாயின் பெரிய கணினி நிலையங்களை இங்கேயே அழைப்போம், எல்லாம் வந்து சேரும்" என்று மறு கோடிக்கு ஓடுவோரும் உளர். அவர்கள் அயர்லாந்தை நோக்குக. அந்நாட்டின் மின்சாரத்திற் கணினி நிலையங்கள் பயன்படுத்திய பங்கு 2015இல் 5 வீதம். 2024இல் 22 வீதம். 2023ஆம் ஆண்டில் அப்பங்கு 21 வீதமாக இருக்க, நகர்ப்புற வீடுகள் அனைத்தும் பயன்படுத்தியது 18 வீதமே. உலகம் முழுவதிலும் இந்நிலையங்கள் 2024இல் உண்ட மின்சாரம் ஏறத்தாழ 415 பில்லியன் அலகுகள் என்றும், 2030இல் அது 945 பில்லியனாகலாம் என்றும் சர்வதேச எரிசக்தி முகவரகம் 2025இற் கணித்தது. எரிசக்தியைத் தேடும் பொறியே எரிசக்தியைத் தின்னும் பொறியுமாகின்றது. நிலையம் வருவதனால் மட்டும் கணக்கு எமதாகிவிடாது. வீட்டில் இடங்கொடுத்தவன் வீட்டுக்காரனின் கணக்கேட்டையும் தன்னிடம் தரவேண்டுமென்று விருந்தினனைக் கட்டாயப்படுத்த முடியாதன்றோ! மின் கட்டணத்தை எவர் இறுப்பது, குளிரூட்டும் நீர் எந்தக் கிணற்றிலிருந்து வருவது என்பவற்றை முன்னரே கேட்டு விடை பெறாமல் அழைப்பு விடுத்தல் அறிவுடைமையாகாது.

பொறியைக் குறுக்கு விசாரணை செய்க

இறுதியாகச் சட்டம் பற்றி ஒரு சொல். எமது நீதிமன்றங்களில் நிபுணரின் அபிப்பிராயத்துக்கு இடமுண்டு. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அதனை அனுமதிக்கின்றது. அதே சட்டத்தின் 51ஆம் பிரிவு, அவ்வபிப்பிராயம் எவற்றின் மேல் நிற்கின்றதோ அக்காரணங்களையும் ஏற்புடையனவாக்குகின்றது. நிபுணர் கூண்டில் ஏறி, "யான் நிபுணன், ஆதலால் நம்புக" என்று கூறி இறங்கிவிட முடியாது. எதனை அளந்தார், எவ்வாறு அளந்தார், எங்கே தவறியிருக்கலாம் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார்.

செயற்கை நுண்ணறிவும் ஒரு நிபுணனே. அதற்கும் இவ்விதி வேண்டும். எங்கே கிணறு தோண்டுவது, எந்த ஊரிற் காற்றாலை நிறுத்துவது, மின்சாரம் போதாத வேளையில் எந்தப் பகுதியின் இணைப்பைத் துண்டிப்பது என்பவற்றைப் பொறியின் கணிப்பைக் கொண்டு தீர்மானிப்பின், அக்கணிப்பின் காரணங்களைப் பாதிக்கப்படுவோர் கேட்கவும் மறுத்துரைக்கவும் உரிமை பெறல் வேண்டும். பொறி சொல்லிற்று என்பது விடையாகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வியாபார இரகசியங்களுக்கு விலக்களித்தாலும், பொதுமக்கள் நலன் மிகுந்து நிற்குமிடத்துத் தகவலை மறுக்கலாகாதெனவும் கூறுகின்றது. அவ்வாசகத்தைப் பயன்படுத்துவது எமது கடமை. பயன்படுத்தாத சட்டம் துருப்பிடித்த மண்வெட்டி.

எனவே எமது கோரிக்கைகள் நான்கு. முதலாவது, இந்நாட்டுக் கடலிலும் நிலத்திலும் காற்றிலும் எடுக்கப்படும் அளவைத் தரவுகள் யாவும் பொதுக் களஞ்சியமொன்றில் ஒப்படைக்கப்பட்டு, சட்டம் குறிக்கும் ஆண்டுகள் கழிந்தபின் எவரும் பார்க்கத் திறக்கப்படல் வேண்டும். இரண்டாவது, எப்பாவலைத் தீர்ப்பின் முறைப்படி, வளத்தின் அளவு பற்றிய சுதந்திரமான ஆய்வு வெளியிடப்படுமுன் எந்த எரிசக்தி ஒப்பந்தமும் ஒப்பமிடப்படலாகாது. அவ்வாய்வு அவ்வூர் மக்களின் மொழியிலும் வெளியாதல் வேண்டும். மூன்றாவது, பொறியின் கணிப்பைக் கொண்டு செய்யும் தீர்மானங்களுக்கு எழுத்திற் காரணம் காட்டப்படல் வேண்டும். நான்காவது, பல்கலைக்கழகங்கள் கூட்டாகப் பயன்படுத்தும் கணினி வசதியும், புவிச்சரிதவியலும் கணிதமும் பயிலும் மாணவர்க்கு உதவிப்பணமும் அரசின் செலவில் வழங்கப்படல் வேண்டும்.

இவற்றில் நான்காவதற்கு அரசை மட்டும் நம்பியிருத்தல் தகாது. பிள்ளைகளை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் சட்டத்தரணியாகவும் ஆக்க முயலும் எமது குடும்பங்கள், எதிரொலியிலிருந்து பாறையை வாசிக்கும் கலையையும் ஒரு தொழிலாக மதிக்கத் தொடங்குதல் வேண்டும். கல்விமான்கள் கணக்கை வாசித்துக் கூற, கமக்காரரும் மீனவரும் மண்ணையும் கடலையும் பற்றித் தாம் அறிந்ததைக் கூற, இரண்டும் ஒரே மேசையில் வைக்கப்படுமாயின், எதிரே எத்துணைப் பெரிய பொறி இருந்தாலும் எமக்கு அச்சமில்லை.

அந்த வன்னிக் கமக்காரரிடம் இன்னுமொரு காணி உண்டு. சென்ற ஆண்டு அதற்கும் குத்தகை கேட்டு ஒருவர் வந்தார். கமக்காரர் உடனே ஒப்பமிடவில்லை. தம் பேரனை அழைத்து, நாலு மூலையிலும் குழி தோண்டி அளந்து எழுதச் சொன்னார். எழுதிய பின்னரே எம்மிடம் வந்தார். விலை கூடிற்றா என்று கேட்போருக்கு விடை: கூடிற்று. அதனினும் மேலாக, எவ்வளவு தோண்டலாம், எங்கே நிறுத்தல் வேண்டும் என்பதையும் அவரே எழுதிக் கொடுத்தார். ஒரு கமக்காரர் செய்ததை ஒரு நாடு செய்யலாகாதா?